அரசமரத்துக்கும் எள்ளளவு குளவிக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?

ஒரு அக்கா கேட்டிருக்கிறா: மகன் தரம் 10, விஞ்ஞானப் புத்தகத்தில ஒன்றியவாழ்வைப் (ரெண்டு உயிர் சேந்து இருந்து ரெண்டும் லாபம் அடையிறதைப்) படிச்சுப்போட்டு "ஏன் அம்மா ஒரு மிருகம் இன்னொண்டுக்கு உதவி செய்யவேணும், அதுகளுக்கும் மனசு இருக்கா" எண்டு கேட்டானாம், அவவுக்குப் பதில் தெரியேல்லயாம், கொழும்பு வெள்ளவத்தையில மூண்டாம் மாடி பிளாட்டுக்குள்ள வளர்ற பிள்ளைக்கு கண்ணால காட்டுற மாதிரி ஏதும் இருக்கா எண்டும் கேக்கிறா.

அக்கா, முதல்ல அவனுக்கு ஒரு சபாஷ் சொல்லுங்கோ. நான் பதினெட்டு வருஷமா ஏ லெவல் பிள்ளையளுக்கு உயிரியல் ரியூஷன் குடுக்கிறன், இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையளை ஒரு கை விரலுக்குள்ள எண்ணிப்போடலாம், மிச்சப்பேர் "அல்கா, பங்கசு, ரெண்டும் சேந்தா இலைக்கன்" (பாசியும் பூஞ்சையும் ஒண்டாச் சேந்து வாழுறதுதான் இலைக்கன்) எண்டு பாடமாக்கிப்போட்டு மார்க்ஸ் எடுத்துக்கொண்டு போயிடுவினம்.

சுருக்கமா சொன்னா மனசும் இல்லை, உதவியும் இல்லை. எல்லாம் கொடுக்கல் வாங்கல்தான். ஒவ்வொண்டும் தன்ர வயித்தையும் தன்ர குஞ்சையும்தான் பாக்குது, ரெண்டு பேரின்ர சுயநலமும் தற்செயலா ஒரே பக்கம் இழுக்கிற இடத்தில வெளியில நிண்டு பாக்கிற எங்களுக்கு அது நட்பு மாதிரித் தெரியுது. ஆனா கொடுக்கல் வாங்கல் எண்டு வந்தா அடுத்த கேள்வி வரும்தானே, சாமானை எடுத்துப்போட்டு காசு குடுக்காம ஓடுறவன் இருந்தா என்ன செய்யுறது? புத்தகத்தில இல்லாத விஷயம் அதுதான், எனக்கு இந்தப் பாடத்திலயே பிடிச்சதும் அதுதான்.

முதல்ல கண்ணால காட்டுறதுக்கு வருவம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காலி வீதிக்கு இறங்கி பழைய கட்டிடங்களை அண்ணாந்து பாக்கச் சொல்லுங்கோ. தண்ணிக் குழாய் ஒழுகுற இடம், பரப்பெட் சுவர் வெடிப்பு, பூட்டிக்கிடக்கிற கடையின்ர நெற்றி, எங்கயாவது ஒரு அரசங்கண்டு இதய வடிவ இலையோட ஆடிக்கொண்டு நிக்கும். ஆரும் நடேல்ல. சிங்கள ஆக்களுக்கு அது போதி மரம், எங்களுக்கு பிள்ளையார் இருக்கிற மரம், அதால வேலைக்கு வாறவர் கூட வெட்டச் சொன்னா தலையைச் சொறிவார். சரி, அது எப்பிடி அங்க போச்சுது? காகம், மைனா, குயில், குக்குறுவான், இரவில வௌவால், இதில ஏதோ ஒண்டு அரசம்பழத்தைத் திண்டுட்டு அங்க எச்சம் போட்டிருக்கு. மரம் பழம் குடுத்துது, பறவை பஸ் கட்டணம் இல்லாம விதையைக் கொண்டுபோய் இறக்கிச்சுது, முதலாவது கொடுக்கல் வாங்கல் முடிஞ்சுது.

ஆனா நான் சொல்லவந்தது அதில்லை. அந்தப் பழத்துக்குள்ள முளைக்கக்கூடிய விதை எப்பிடி வந்தது எண்டதுதான் கதை.

"அத்தி பூத்த மாதிரி" எண்டு எங்கட ஆக்கள் சொல்றது எப்பவாவது ஒருக்கா வாறவையை. உண்மையில அத்தி ஒவ்வொரு முறையும் பூக்குது, நாங்கள் காய் எண்டு நினைக்கிற அந்த உருண்டைதான் பூந்தோட்டம், நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பூக்கள் உள்பக்கம் பாத்துக்கொண்டு இருக்கு, அதால ஒருத்தரின்ர கண்ணிலயும் படுறேல்ல. அத்தி, ஆல், அரசு, இத்தி எல்லாம் ஒரே பேரினம்தான் (Ficus), உலகத்தில 750 இனத்துக்கு மேல. பூ உள்ளுக்கு இருந்தா தேனீ எப்பிடி வரும்? வராது. அதுக்கெண்டே ஒரு குளவி இருக்கு, குளவி எண்டோன்ன கொட்டுற சாமானை நினைக்காதேங்கோ, இது எள்ளை விடச் சின்னன். பெரும்பாலும் ஒவ்வொரு மரத்துக்கும் தனித் தனிக் குளவி, அரசமரத்தின்ர குளவி ஆலமரத்துக்குப் போகாது.

காயின்ர நுனியில ஊசி குத்தின மாதிரி ஒரு வாசல் இருக்கு, செதில் செதிலா அடைச்சு வச்சிருக்கும். பொம்பிளைக் குளவி தலையைக் குடுத்து நெரிஞ்சு நெரிஞ்சு உள்ளுக்குப் போகும், போற போக்கில செட்டை பிஞ்சு போயிடும், உணர்கொம்பும் அநேகமா உடைஞ்சிடும், திரும்பி வாற யோசனையே இல்லை. உள்ளுக்குப் போய் தான் பிறந்த காயில இருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில பூசும், சில பூக்களுக்குள்ள முட்டை போடும், பிறகு அங்கயே செத்துப்போகும். முட்டை விழுந்த பூ குஞ்சுக்குச் சாப்பாடு. முட்டை விழாத பூ விதையாகும். பிள்ளை வளக்க இடம் குடுத்ததுக்கு மரம் எடுக்கிற வாடகை மகரந்தம், அவ்வளவுதான்.

கொஞ்சக் கிழமை கழிய ஆண் குளவியள் முதல்ல பொரிக்கும், செட்டை இல்லை, கிட்டத்தட்ட குருடு. பொம்பிளையள் இன்னும் கூட்டுக்குள்ள இருக்கேக்கயே அதுகளோட சேந்துட்டு, பிறகு ஆண்கள் எல்லாருமாச் சேந்து காயின்ர சுவரைக் கடிச்சு சுரங்கம் வெட்டுவினம். வெட்டி முடிச்சுச் சாவினம். வாழ்க்கையில செய்யுற வேலை அந்த ரெண்டும்தான். பொம்பிளையள் மகரந்தத்தோட (சில இனத்தில உடம்பில ஒட்டுப்பட்டபடி, சில இனத்தில நெஞ்சுப்பக்கம் இருக்கிற பைக்குள்ள அள்ளி அடைச்சுக்கொண்டு) அந்தச் சுரங்கத்தால வெளிய வந்து, ஒரு நாள் ரெண்டு நாளுக்குள்ள பூத்திருக்கிற இன்னொரு மரத்தைத் தேடிப் பிடிக்கவேணும். குளவி போன பிறகுதான் காய் கனிஞ்சு நிறம் மாறும், பறவையளைக் கூப்பிடும். இது 6 கோடியில இருந்து 8 கோடி வருஷமா நடக்கிற வியாபாரம்.

இப்ப திரும்ப காலி வீதிக் கட்டிடத்தைப் பாருங்கோ. குளவி இல்லாட்டி அரசமரத்தில முளைக்கிற விதை வராது, கண்டு முளைச்சிருக்கு, அப்ப நாங்கள் ஒருநாளும் கண்டிராத அந்தக் குளவி இந்த புகைக்கும் ஹோர்ன் சத்தத்துக்கும் நடுவில கொழும்பில சீவிச்சுக்கொண்டிருக்கு. மதிலில முளைக்கிற ஒவ்வொரு கண்டும் அதுக்குச் சாட்சி. எனக்கு இதை யோசிக்கேக்க இப்பவும் மயிர்க்கூச்செறியும், மனிசி சிரிப்பா, பரவாயில்லை.

ஒரு பக்கத்து ஆள் வராட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு நல்ல கதை கலிபோர்னியாவில இருக்கு. 1880களில துருக்கிப் பக்கத்து சீமை அத்தியைக் கொண்டுபோய் நட்டவை, மரம் செழிச்சு வளந்தது, காயும் வந்தது, ஆனா பழுக்காமலே கொட்டுண்டு போச்சுது. குளவி வேணும் எண்டு சொன்ன ஆக்களைப் பாத்து கனபேர் சிரிச்சவை. 1899ல குளவியைக் கொண்டுவந்து விட்டு அது பிடிச்ச பிறகுதான் காய் மரத்தில நிண்டு பழுத்தது. (உடன கேப்பீங்க, அப்ப டுபாயில இருந்து வாற காஞ்ச அத்திப்பழத்துக்குள்ள குளவி இருக்கா எண்டு. கடையில வாறதில கனக்க குளவியே தேவைப்படாத ரகங்கள், மற்றதில உள்ளுக்குச் செத்ததை அத்தியின்ர நொதியமே கரைச்சிடும், பயப்படாமச் சாப்பிடுங்கோ. "அத்திப்பழத்தைப் பிட்டுப் பாத்தா அத்தனையும் புழு" எண்டது எங்கட ஊர் அத்திக்குச் சொன்னது, அது முழு உண்மை.)

சரி, கள்ளன்மார். ஒரு குளவி மகரந்தம் கொண்டுவராம முட்டையை மட்டும் போட்டா? பனாமாவில சில அத்தி இனங்களில இதைச் சோதிச்சுப் பாத்திருக்கினம், மகரந்தம் இல்லாத குளவியை வேணுமெண்டே உள்ளுக்கு விட்டா மரம் அந்தக் காயைக் கனதரம் கொட்டிவிடுது, உள்ள இருக்கிற குஞ்சு எல்லாம் அதோட சரி. கொட்டாட்டியும் குஞ்சு குறைவாத்தான் தப்பும். மரத்துக்குக் கோபம் இல்லை, விதை இல்லாத காய்க்கு சாப்பாடு அனுப்பி என்ன லாபம், அவ்வளவுதான் கணக்கு. இதுக்குள்ளயும் தப்புற ஆக்கள் இருக்கினம், உள்ளுக்கே வராம வெளியில நிண்டு உடம்பை விட நீட்டான ஊசியால காயைத் துளைச்சு முட்டை போடுற வேற குளவியள், மகரந்தமும் இல்லை வாடகையும் இல்லை. கோடிக்கணக்கான வருஷமா அவையும் இருக்கினம்.

பொலிஸ் வேலை இன்னும் தெளிவா தெரியுறது கடலுக்குள்ள. மீன் தொட்டி வச்சிருக்கிறவைக்கு கிளீனர் ராஸ் தெரியும், நீலமும் கறுப்புமா கோடு போட்ட விரல் நீட்டு மீன். பவளப்பாறையில அதுக்கு ஒரு நிரந்தர இடம் இருக்கு, சலூன் மாதிரி, பெரிய மீனெல்லாம் வந்து வாயைத் திறந்துகொண்டு நிக்கும், இது செவுளுக்குள்ள பல்லிடுக்குக்குள்ள எல்லாம் போய் ஒட்டுண்ணியளைப் பிடுங்கித் தின்னும். அவுஸ்திரேலியாவில எண்ணிப் பாத்ததில ஒரு மீன் ஒரு நாளைக்கு 1,200 ஒட்டுண்ணி அளவில தின்னுதாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உண்மையில அதுக்கு விருப்பமான சாப்பாடு ஒட்டுண்ணி இல்லை, வாடிக்கையாளரின்ர தோலில இருக்கிற சளிப்படை. சான்ஸ் கிடைச்சா அதை ஒரு கடி கடிச்சிடும். கடி வாங்கின மீன் துள்ளும், ஒண்டில் கலைச்சுக்கொண்டு போகும் இல்லாட்டி வேற சலூனுக்குப் போயிடும். அடுத்த வாடிக்கையாளர் பாத்துக்கொண்டு நிக்கேக்க இவர் கடிக்கிறது குறைவு, அது 2006ல ஆய்வில காட்டினது. எங்கட தெருமுனைக் கடையில தராசை ஆக்கள் பாக்கேக்க ஒரு மாதிரியும் பாக்காதப்ப வேற மாதிரியும் பிடிக்கிறவர் மாதிரி. இன்னும் பகிடி என்னெண்டா ஆணும் பொண்ணும் சோடியா ஒரே மீனைச் சுத்தம் செய்யேக்க பொண் கடிச்சு வாடிக்கையாளர் ஓடிட்டா ஆண் பொண்ணைத் துரத்தித் துரத்தி அடிக்கும், வியாபாரத்தைக் கெடுத்துப்போட்டாய் எண்டு. நீதி நியாயத்துக்கில்லை, தன்ர சாப்பாடும் போச்சுதே எண்டு.

இதே கோடு, இதே நிறத்தில, நெளிஞ்சு நெளிஞ்சு அதே மாதிரி நீந்துற இன்னொரு மீனும் இருக்கு. கிட்ட வரவிட்டு செட்டையில ஒரு துண்டைக் கடிச்சு எடுத்துக்கொண்டு ஓடிடும். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான்.

(நான் ஒருக்கா கிளீனர் ராஸ் ஒண்டை வாங்கி வீட்டுத் தொட்டியில விட்டனான். நாலே நாலு மீன் இருக்கிற தொட்டியில அது எதைச் சுத்தம் செய்யுறது? ஒரு மாசத்துக்குள்ள வயிறு ஒட்டிச் செத்துப்போச்சு. கடைக்காரர் "நல்லா இருக்கும் சேர்" எண்டவர், நான் படிச்ச படிப்புக்கு எனக்கே தெரிஞ்சிருக்கவேணும்.)

பிளாட்டுக்குள்ளயே செய்யக்கூடியது எண்டா கௌபி (தட்டைப்பயறு). பல்கனியில ஒரு சாடி, நாலு கௌபி விதை, காணும். கொயர் டஸ்ட் மட்டும் போட்டா சரிவராது, எங்கயாவது பயறு பயற்றங்காய் வளந்த தோட்ட மண் ஒரு கைப்பிடி கலக்கவேணும், ஏனெண்டா எங்களுக்குத் தேவையான பற்றீரியா அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு அஞ்சாறு கிழமையில செடியைப் பிடுங்காம மண்ணோட கிளப்பி வாளித் தண்ணியில ஆட்டிக் கழுவினா வேரில மிளகு மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கும். ஒண்டை எடுத்து நகத்தால பிளந்து பாக்கச் சொல்லுங்கோ. உள்ளுக்கு இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குது. அந்தச் சிவப்பு எங்கட ரத்தத்தில இருக்கிற ஹீமோகுளோபினின்ர சொந்தக்காரன், உள்ள இருக்கிற பற்றீரியா காத்தில இருக்கிற நைதரசனைப் பிடிச்சுக் குடுக்கிற நொதியத்துக்கு ஒட்சிசன் பட்டா பழுதாகிப்போகும், அதே நேரம் பற்றீரியாவுக்கு மூச்சு விட ஒட்சிசனும் வேணும், அதால செடியே அளந்து அளந்து குடுக்குது. உள்ளுக்கு பச்சையா மண்ணிறமா இருந்தா அந்த முடிச்சு ரிட்டயர் ஆகிட்டுது.

இந்த வேலைக்கு பக்டரியில 400 பாகைக்கு மேல சூடும் பயங்கர அமுக்கமும் வேணும், அப்பிடித்தான் யூரியாவுக்குத் தேவையான அமோனியா வருது. 2021ல இலங்கை அரசாங்கம் ஒரே நாளில ரசாயன உரத்தை நிப்பாட்டி, நவம்பரில திருப்பி எடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்தானே, கௌபிக்காரரை விட நெல்லுக்காரர் ஏன் அந்தளவு அடிபட்டவை எண்டா காரணங்களில ஒண்டு இதுதான், நெல்லுக்கு வேருக்குள்ள இப்பிடி ஒரு பங்குதாரர் இல்லை.

இங்கயும் கள்ளன் வரலாம், சீனியை வாங்கிக்கொண்டு நைதரசன் குடுக்காம சும்மா இருக்கிற பற்றீரியா. 2003ல சோயாவில ஒரு நல்ல சோதனை செய்தவை, முடிச்சைச் சுத்தி நைதரசனை எடுத்துப்போட்டு ஆகன் எண்ட வாயுவையும் ஒட்சிசனையும் விட்டாங்கள், பற்றீரியா எவ்வளவு விரும்பினாலும் குடுக்க ஒண்டுமில்லை. செடி என்ன செய்தது? அந்த முடிச்சுக்கு ஒட்சிசன் போறதைக் குறைச்சுப்போட்டுது, உள்ள இருந்த பற்றீரியா பெருகிறதும் குறைஞ்சுது. கடன் கொப்பியில பேர் ஏறிட்டா அடுத்த மாசம் அரிசி இல்லை எண்ட மாதிரி.

மாமரம் இருக்கிற வீட்டுக்குப் போனா முசுறை (மரத்துச் செவ்வெறும்பை) பாக்கலாம், கிட்டப் போகாம. இலையளை மடிச்சு ஒட்டிக் கூடு கட்டியிருக்கும், பக்கத்துக் கொப்பில வெள்ளையா பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி, முசுறு அதைத் தடவ இனிப்புத் துளி வரும், குடிச்சிட்டு அதுக்குக் காவல் நிக்கும். வளர்ப்பு ஆடு மாதிரி, பசி வந்தா ஆட்டையே அறுக்கிறதும் உண்டு. மரத்துக்கு இதால நட்டமா லாபமா எண்டு கேட்டா இடத்தைப் பொறுத்தது, சாறு போகுது, ஆனா இலை தின்னுற மற்றப் பூச்சியளை முசுறு விடாது. சீனாவில 4ஆம் நூற்றாண்டிலயே முசுறுக் கூட்டைப் பையில போட்டுச் சந்தையில வித்திருக்கினம், தோடை மரத்தில கட்டுறதுக்கு.

மாட்டுக்குப் பக்கத்தில கொக்கு நிக்கிறது இதுக்குள்ள வராது அக்கா, பேப்பரில எழுதினா மார்க்ஸ் வெட்டுவினம். பேர் உண்ணிக்கொக்கு, ஆனா அது முக்கியமா தின்னுறது மாடு நடக்கேக்க புல்லுக்குள்ளால துள்ளுற வெட்டுக்கிளியளை, மாட்டுக்குப் பெரிசா வரவும் இல்லை செலவும் இல்லை. அதுக்கு எங்கட புத்தகத்தில ஓரட்டிலுண்ணல் எண்டு பேர், அட்டில் எண்டா அடுப்படி, ஒரே அடுப்படியில சாப்பிடுறது, பிள்ளையள் இந்தச் சொல்லைப் பாத்துப் பயப்படுதுகள், எனக்கெண்டா தமிழில வந்த நல்ல கலைச்சொல்லுகளில ஒண்டு. ஆபிரிக்காவில எருமை முதுகில இருக்கிற ஒக்ஸ்பெக்கர் குருவி உண்ணியும் தின்னுது, புண்ணைக் கிளறி ரத்தமும் குடிக்குது, அது எந்தப் பக்கம் எண்டு ஆய்வாளரே இன்னும் பிடுங்குப்படுகினம்.

ஒப்பந்தம் முறியிறதையும் பிள்ளைக்குச் சொல்லவேணும். ஹிக்கடுவப் பவளப்பாறைக்கு கண்ணாடிப் படகில போயிருப்பீங்க. பவளத்தின்ர உடம்புக்குள்ள அல்கா இருக்கு, வெயிலில சீனி செய்து பவளத்துக்குக் குடுக்குது, பவளம் இடமும் கழிவில இருக்கிற நைதரசனும் குடுக்குது. கடல் வழமையை விட ஒண்டு ரெண்டு பாகை கூடி கிழமைக்கணக்கில நிண்டா அல்காவின்ர இயந்திரம் குழம்பி நஞ்சான ஒட்சிசன் சேர்வையளை விடத் தொடங்கும், சாப்பாடு தந்தவனே நஞ்சாகிட்டான், பவளம் வெளிய தள்ளும், நிறம் போய் வெளிறும், ஆள் திரும்பி வராட்டி பட்டினியில சாகும். 1998ல இலங்கையைச் சுத்தி ஆழம் குறைஞ்ச பாறையளில கனக்க இப்பிடித்தான் போச்சுது, ஹிக்கடுவவும்தான்.

மனசு இருக்கா எண்டு கேட்டவனுக்கு ஒரு கதை மட்டும் விதிவிலக்கு மாதிரிச் சொல்லலாம். மொசாம்பிக்கில தேன் எடுக்கிற யாவோ ஆக்கள் காட்டுக்குள்ள போய் "ப்ர்ர்ர், ஹ்ம்" எண்டு ஒரு சத்தம் போடுவினம், தேன்காட்டிப் பறவை வந்து கத்திக்கொண்டு மரம் மரமாப் போய் தேன்கூட்டைக் காட்டும். மனிசன் புகை போட்டு வெட்டித் தேனை எடுப்பான், பறவைக்கு மெழுகு. 2016ல வந்த ஆய்வில அந்தச் சத்தம் போட்டா கூடு கிடைக்கிற வாய்ப்பு 54 வீதம், வேற சத்தம் போட்டா 16 வீதம் அளவில. அது வளர்ப்புப் பறவை இல்லை, காட்டுப் பறவை. மனசோ இல்லையோ, கூப்பிட்டா வருது.

கடைசியா, குளவியைக் காட்டுற முறை. கோயில் மரத்தையும் பன்சலை (விகாரை) மரத்தையும் விட்டுடுங்கோ, கால்வாய்க் கரையிலயோ வெறுங்காணியிலயோ நிக்கிற அரசோ அத்தியோ பாருங்கோ. நிலத்தில விழுந்த பழம் சரிவராது, குளவி போயிருக்கும். மரத்திலயே இருக்கிற, முத்தி கொஞ்சம் இளகத் தொடங்கின காய் பத்துப் பதினைஞ்சை வேற வேற கொப்பில பறிச்சு ஜாம் போத்தலுக்குள்ள போட்டு வாயைத் துணியால கட்டுங்கோ, நுளம்பு வலை போடாதேங்கோ, ஓட்டைக்குள்ளால போயிடும், பழைய வேட்டித்துண்டு நல்லம். முதல் முறை கிடைக்காட்டி ரெண்டு மூண்டு நாள் விட்டு திரும்பப் பறியுங்கோ. ஒரு நாள் காலமை போத்தலின்ர வெளிச்சப் பக்கத்தில தூள் தூளா ஏறி நிக்கும், செட்டை இருக்கிறது பொம்பிளையள். லென்ஸ் ஒண்டு இருந்தா குடுங்கோ, இல்லாட்டி போன் கமராவை சூம் பண்ணச் சொல்லுங்கோ. காயைப் பிளந்து பாத்தா செட்டை இல்லாத வெளிறின ஆண்கள் உள்ளுக்குக் கிடக்கும். பாத்து முடிய ஜன்னலுக்குக் கிட்ட வச்சு துணியை அவிட்டு விடுங்கோ, கனநேரம் வச்சிருக்கவேண்டாம், அதுகளுக்கு இருக்கிறதே ஒரு நாள் ரெண்டு நாள், அதுக்குள்ள இன்னொரு மரம் பிடிக்கவேணும்.